பக்கத்து ஊர்களைக் கேட்டுப் பெய்த மழை

அன்றைக்கு அந்த ஊரில் பெய்தது முப்பத்தெட்டு மில்லிமீட்டர் மழை என்று வரைபடம் சொன்னது.

முப்பத்தெட்டு என்பது துணி காயாத மழை. குடை மறந்தவன் ஓடிப்போய்க் கடையோரம் ஒதுங்குவான், அவ்வளவுதான். அந்த மழையில் ஓடைத் தண்ணீர் பள்ளிக்கூடத்து வழியிலுள்ள சிறுபாலத்தின் மேல் ஏறாது. பாலத்தில் நடந்துபோகும் முப்பத்தோரு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டும் போகாது. ஆனால் ஏறியது, இழுத்துக்கொண்டும் போனது. சாயங்காலத்துக்குள் வடிந்தும் விட்டது. மறுநாள் விசாரணைக்கு ஆள் வந்தபோது பாலம் ஒன்றும் தெரியாததுபோலக் காய்ந்து கிடந்தது.

செத்துப்போனவள் பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடத்து மழைமானியைத் தினமும் அளந்து வரைபடக்காரர்களுக்கு அனுப்பும் 'பார்வையாளரும்' அவள்தான். அவள் கணவன் கடைகளில் எடை மெஷின் பழுது பார்ப்பவன். இயற்பியல் படித்தவன் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவன் தராசுக்காரர்.

ஏழாவது வாரம் காவல் ஆய்வாளர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. எதிரில் உட்காரச் சொல்லிவிட்டு, கோப்பைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மனசறிஞ்சு சொல்றேன் தம்பி. அன்னைக்கு இந்த ஸ்டேஷனுக்குள்ளயே முழங்கால் தண்ணி. இதோ, இந்த மேசை மேல ஏறித்தான் உக்காந்திருந்தேன்."

"அதையே எழுதலாமே சார்."

"எழுதலாம். முப்பத்தெட்டு மில்லிமீட்டர்ல உன் ஸ்டேஷன்ல எப்படிய்யா முழங்கால் தண்ணின்னு மேல கேப்பாங்க. குழாயைத் திறந்துவிட்டுட்டுத் தூங்கிட்டேனான்னு என் மேல ஒரு விசாரணை வரும்."

"ஊர்ல எல்லாரும் பார்த்தாங்க சார்."

"ஊர் பார்த்ததை நான் ஃபைல்ல எப்படி ஒட்டறது?"

பிறகு கோப்பைத் திறந்தார். இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார். ஒன்று, தண்ணீர் எங்கிருந்து வந்தது. இரண்டு, பள்ளிக்கூடத்தில் மழையை அளந்துவிட்டு வீடு திரும்பி, நனைந்த துணியையும் மாற்றிக்கொண்ட டீச்சர், பத்தே நிமிடத்தில் யாரிடமும் சொல்லாமல் மறுபடி எதற்குப் பாலத்துப் பக்கம் போனார்.

"ஃபோன் கம்பெனில கேட்டேன். அந்த நேரத்துல யாரும் அவங்களைக் கூப்பிடல. மாசக் கடைசிக்குள்ள ரெண்டுல ஒண்ணுக்காவது பதில் கொண்டு வாங்க. இல்லேன்னா 'தானாகவே'ன்னு எழுதித்தான் மூடியாகணும். அந்த வார்த்தை எனக்கும் பிடிக்கல."

தராசுக்காரனுக்கும் அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் அது ஏற்கெனவே குடியேறியிருந்தது.

வீட்டில் அவனோடு இருந்தது மாமியார் மட்டும். காரியத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. சமைப்பார், துணி மடிப்பார், சொன்னால் சாப்பிடுவார். மகளைப் பற்றிப் பேசமாட்டார். அன்று மட்டும் அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க அத்தை."

"அன்னைக்குக் காலைல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது வாய்வார்த்தை..."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்தது. "இந்தப் பேய் மழைல போகணுமா? ஒருநாள் அளக்கலேன்னா வானம் கேஸ் போடுமா?" என்று அவன்தான் ஆரம்பித்தான். "நான் போகலேன்னா பூஜ்யம்னு போட்டுப்பாங்க" என்றாள். "போட்டுக்கட்டுமே" என்றான். "உங்க மெஷின்ல பூஜ்யம் சரியா நிக்கலேன்னா ராத்திரி பூரா உக்காந்திருப்பீங்க. எனக்கு வர்ற பூஜ்யம்னா மட்டும் போட்டுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திரும்பி வந்த சத்தம் கேட்டது. அவன் பேசவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். வெளியே வந்தபோது ஆளும் இல்லை, குடையும் இல்லை.

"மழையைப் பத்தித்தான் பேசினோம்" என்றான்.

"மழையே இல்லைங்கறாங்களே" என்றார் மாமியார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போய் மழைப் பதிவேட்டை வாங்கினான். ஆறு வருடத்து மழை, ஒரே கையெழுத்து. கடைசிப் பதிவு காலை எட்டரை. அளவுக் குவளை ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். நிரப்பி, கொட்டி, ஒரு கோடு போட வேண்டும். பத்துக் கோடுகள் இருந்தன. பதினோராவது தடவை நிரம்பவில்லை, பன்னிரண்டு. கீழே கூட்டி எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தாள்: 212.

பத்துக் கோடுகளில் ஒன்றுகூடக் கோணவில்லை. அவன் எத்தனையோ கடைக்காரர்களின் கணக்கைப் பார்த்தவன். இந்தப் பக்கத்தைப் பார்த்தால் எந்த நீதிபதியும் நம்புவார் என்று நினைத்தான். பதிவேட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பிராந்திய மழைப் பரவல் வரைபட இயக்ககத்துக்குப் பஸ் ஏறினான்.

நான்கு மாடிக் கட்டடம். எல்லா ஜன்னல்களிலும் உள்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஊழியர்கள் வெளியே பார்த்தால் கணிப்பு பாதிக்கப்படும் என்று சுற்றறிக்கையாம். நடைபாதையில் மேற்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் வாளி. வாளிக்கு மேலே சுவரில் அன்றைய வரைபடம்: மழை இல்லை.

தபால் பிரிவில் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிய ஒரு அம்மா இருந்தார்.

"கோரிக்கை மனுவா, குறை மனுவா, பாராட்டு மனுவா?"

"ஒரு மழையைத் திருத்தணும்மா."

"யார் அளந்த மழை?"

"என் மனைவி."

"அவங்களே வரணுமே."

"இறந்துட்டாங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி அவனைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "படிவம் ஏழு. பார்வையாளர் நேரில் வர இயலாத காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. சுருக்கமா எழுதுங்க, கட்டம் சின்னது."

எழுதினான். இடம் மிஞ்சியது.

மூன்று பிரிவுகளிலும் கையொப்பம் வாங்கவேண்டும் என்றார்கள். அளக்காத இடத்தில் என்ன மழை பெய்திருக்கும் என்று சொல்ல இயக்ககத்தில் மூன்று முறைகள் இருந்தன. மூன்றுக்கும் தனித்தனி மாடி, தனித்தனித் தலைவர், தனித்தனி டீ பாய்லர். ஒரு பிரிவுக்காரர் இன்னொரு பிரிவின் டீயைக் குடிக்கமாட்டார்.

முதல் மாடிக்காரரைத் தபால் அம்மா 'பக்கத்து வீட்டார்' என்றுதான் சொன்னார். அருகிலுள்ள ஊர்களின் மழையை எடுத்து, கிட்ட இருக்கும் ஊருக்கு அதிக மதிப்பும் எட்ட இருக்கும் ஊருக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கூட்டிப் பிரிப்பது அவர் முறை.

"உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க உங்க வீட்டுக்கே வரணுமா என்ன?" என்றார் அவர். "சுத்தி இருக்கற நாலு வீட்டுல கேட்டா போதாது? உங்களைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

"சார், எங்க ஊருக்குப் பின்னாடியே மலை இருக்கு. மேகம் அங்க முட்டித்தான் கொட்டும். பதினோரு கிலோமீட்டர் தள்ளினா சமவெளி."

"மலையெல்லாம் என் கணக்குல கிடையாது தம்பி. தூரம் மட்டும்தான். மலைக்குன்னு வேற துறை இருக்கு."

இரண்டாம் மாடித் தலைவர் டை கட்டியிருந்தார். அவர் முறைக்குக் கிரிகிங் என்று பெயர். எந்த ஊர் எந்த ஊரோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்று முதலில் ஒரு வளைவு வரைந்துகொண்டு, அதன்படி மழையைப் பங்கிடுவார்கள். போன வருடம் மூன்று முறைகளுக்குள் நடந்த போட்டியில் இந்த முறைதான் ஜெயித்தது. முப்பத்தெட்டு இவர்கள் கொடுத்தது.

"மத்த ரெண்டு பேரும் ஒரு எண்ணைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாங்க எவ்வளவு தப்பா இருப்போங்கறதையும் சேர்த்துச் சொல்றோம். முப்பத்தெட்டு, கூடக்குறைய ஒன்பது."

"ஆனா பெய்தது இருநூத்திப் பன்னிரண்டு சார். நூத்தி எழுபத்தி நாலு கூட."

"அதான் சொல்றேனே. தப்பு இருக்கும்னு நாங்களே முன்கூட்டிச் சொல்லிட்டோம். சொல்லிட்டுச் செய்யற தப்பு தப்பில்ல."

மூன்றாம் மாடியில் ஒரு அம்மையார். ரப்பர்த் தாளை இழுத்துப் பிடித்து எல்லா ஊர்களின் மேலும் போர்த்தியது போல, மடிப்பு விழாமல் மழையை வரைவது அவர் பிரிவின் வேலை. பதிவேட்டின் பத்துக் கோடுகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இப்படி ஒரே இடத்துல குத்துனாப்பல இருந்தா தாள் கிழிஞ்சிடாதா? கொஞ்சம் இறங்கி வாங்களேன். ஒரு அறுபதுன்னு வெச்சுக்கலாமா?"

"அளந்ததை எப்படிம்மா இறக்கறது?"

"அளந்ததுதாங்க எங்களுக்குப் பெரிய தொல்லை" என்றார் அம்மையார், மனம்விட்டு.

மூவரும் கையொப்பமிட மறுத்தார்கள். ஆனால் மூவருமே பதிவேட்டை ஆசையோடு பார்த்தார்கள். காரணத்தைத் தபால் அம்மாதான் சொன்னார். அடுத்த வாரம் முறைகள் ஒப்பீட்டு வாரம். ஒவ்வொரு வருடமும் ஒரு நிலையத்தை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அங்கே அளந்த மழையை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மூன்று பிரிவுகளும் பக்கத்து ஊர்களைக் கேட்டு அது என்னவென்று சொல்லவேண்டும். உண்மைக்கு மிகவும் அருகில் வந்த முறைக்குக் கேடயம். அந்த வருடம் முழுக்க அதன் மழைதான் மழை.

"இந்த வருஷம் எந்த ஊரை எடுக்கறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்களா வந்து மாட்டிக்கிட்டீங்க. ஒண்ணு சொல்லட்டுமா? ஒத்துக்கோங்க. உறையைப் பிரிச்சா அந்த எண்ணை எல்லார் முன்னாலயும் வாசிச்சுத்தானே ஆகணும்?"

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டை ஒரு அதிகாரி சபையில் சத்தம்போட்டு வாசித்தால் போதும். நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறும். நகல் வாங்கி ஆய்வாளரிடம் கொடுத்துவிடலாம். ஒத்துக்கொண்டான்.

போகும்போது ஒரு சந்தேகம் கேட்டான். "பக்கத்து ஊர்னு சொல்றாங்களே, பதினோரு கிலோமீட்டர்ல இருக்கறது, அங்க அன்னைக்கு எவ்வளவு?"

தபால் அம்மா பேரேட்டைப் புரட்டினார். "அம்பத்தஞ்சு. ஆனா அங்க மழைமானி களவு போயி மூணு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எப்படி அம்பத்தஞ்சு?"

"சுத்துப்பட்டு ஊர்களைக் கேட்டுப் போட்டுடறோம்."

"எந்த ஊர்களை?"

"உங்க ஊரும் அதுல ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா பேரேட்டை மெதுவாக மூடினார்.

ஒப்பீட்டு வாரத்தின் கடைசி நாள் தராசுக்காரன் சவரம் செய்துகொண்டு போனான். எட்டு வாரத்தில் முதல் சவரம். கூடத்தில் நூறு நாற்காலி. மேடையில் சுவரளவு வரைபடம், ஊருக்கு ஒரு குண்டூசி, மொத்தம் நூற்றுப் பதினெட்டு. மேற்கூரை ஒழுகும் இடத்தில் மட்டும் நாற்காலி போடாமல் விட்டிருந்தார்கள்.

இயக்குநர் எழுந்தார். கூட்டம் எழுந்து உட்கார்ந்தது.

"நண்பர்களே, அளப்பது எளிது. ஒரு வாளியும் ஒரு குச்சியும் இருந்தால் எவரும் அளந்துவிடலாம். அளக்காமல் சொல்வதுதான் அறிவியல். இந்தப் பிராந்தியத்தில் நூற்றுப் பதினெட்டு மழைமானிகள் உள்ளன. நம் வரைபடத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட பிழைகள் அத்தனையும் அந்த நூற்றுப் பதினெட்டு இடங்களில்தான். மழைமானி இல்லாத ஓர் இடத்திலாவது நாம் தவறியதாக யாராவது நிரூபித்திருக்கிறார்களா? ஒருமுறைகூட இல்லை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஆகவே வருங்காலத்தில் மழைமானிகளைப் படிப்படியாகக் குறைத்து, பிழையே இல்லாத வரைபடத்தை நோக்கி நாம் நடைபோடுவோம்."

பிறகு சடங்கு. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஒருவர் ஏணியில் ஏறி, மலையடிவாரத்தில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கினார். "நிலையம் விடுவிக்கப்பட்டது" என்று அறிவித்தார். ஊசியை ஒரு தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டினார்கள். ஊசி இருந்த இடத்தில் சின்ன ஓட்டை. இன்னொருவர் அதன் மேல் விரலால் தேய்த்து மூடினார்.

தராசுக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இறந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ செய்தார்கள். தேய்த்து மூடியது இதுவே முதல் தடவை.

மூன்று தலைவர்களும் தங்கள் விடையைப் படித்தார்கள். பக்கத்து வீட்டார் நாற்பத்தாறு என்றார். டை கட்டியவர் முப்பத்தெட்டு, கூடக்குறைய ஒன்பது என்றார். அம்மையார் மேடைக்கு வந்து, தாளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, மைனஸ் நான்கு என்றார்.

கூடத்தில் சலசலப்பு.

"மைனஸ் நாலு மழைன்னா என்னம்மா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் சரிவு. தாள் நடுவுல கொஞ்சம் தொய்யத்தான் செய்யும்" என்றார் அம்மையார், சிறிதும் கலங்காமல். "மண்ணு நாலு மில்லிமீட்டரைத் திருப்பிக் கொடுத்திருக்குன்னு எடுத்துக்கோங்க."

இயக்குநர் ஆமோதித்துத் தலையசைத்தார். துணிச்சலான விடை என்று குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

உறை பிரிக்கப்பட்டது. ஊழியர் வாசித்தார். "இருநூற்றுப் பன்னிரண்டு."

அவன் எழுந்து நின்றுவிட்டான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்று அறுபத்தாறு, நூற்று எழுபத்துநான்கு, இருநூற்றுப் பதினாறு. ஆகக் குறைந்த பிழை நூற்று அறுபத்தாறு. பக்கத்து வீட்டார் கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முதல் மாடிக்காரர்கள் விசிலடித்தார்கள். அன்றிலிருந்து அந்த ஊரின் மழை நாற்பத்தாறு மில்லிமீட்டர். பெய்து எட்டு வாரம் கழித்து எட்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

அவன் மேடையோரம் போய் இயக்குநரை மறித்தான்.

"சார், இப்ப இருநூத்திப் பன்னிரண்டுன்னு வாசிச்சீங்க."

"வாசிச்சோம்."

"அதைக் குறிப்புல போட்டு எனக்கு ஒரு நகல் கொடுங்க சார்."

"குறிப்பில் வெற்றி பெற்ற எண்தான் ஏறும். உறை எண் போட்டி முடிந்ததும் காலாவதியாகிவிடும்."

"உண்மைக்குப் பக்கத்துல யார் வர்றாங்கன்னுதானே போட்டி? அப்ப எது உண்மைன்னு உங்களுக்கே தெரியுதே!"

"தம்பி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"எடை மெஷின் பழுது பார்க்கறேன். மெஷின்ல சந்தேகம் வந்தா அளவு தெரிஞ்ச கல்லை வெச்சுப் பார்ப்போம் சார். பக்கத்துக் கடை மெஷினைக் கேக்கமாட்டோம். மெஷின் கல்லோட ஒத்துப்போகலேன்னா மெஷினைத்தான் திருத்துவோம். கல்லைச் செதுக்கமாட்டோம்."

"நல்ல கருத்து. கட்டுரையாக அனுப்புங்கள்." இயக்குநர் பதிவேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பத்துக் கோடு. ம்ம். அதே தண்ணீரைப் பத்துமுறை ஊற்றி ஊற்றி அளந்திருக்கலாம் அல்லவா?"

தராசுக்காரன் பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"நமக்கும் அளவுக்கும் நூற்று அறுபத்தாறு வித்தியாசம். நமக்குக் கேடயம் கிடைத்துவிட்டது. அப்படியானால் பிழை யார் பக்கம்?" என்றார் இயக்குநர். பின்னால் நின்ற தபால் அம்மாவிடம் திரும்பினார். "பிழை ஐம்பதைத் தாண்டினால் பார்வையாளரிடம் விளக்கம் கேட்கவேண்டும், விதி பதினான்கு. அனுப்பிவிடுங்கள்."

"சார், அவங்க இறந்துட்டாங்க. படிவம் ஏழுல எழுதியிருக்கு" என்றார் தபால் அம்மா.

"ஆழ்ந்த வருத்தம். ஆனால் பார்வையாளர் பட்டியலில் இருக்கிறார்களே?"

"நீங்க பேரை நீக்கலையே சார்" என்றான் அவன்.

"நீக்கவேண்டுமென்றால் அவர்தான் படிவம் ஒன்பதில் விருப்பம் தெரிவித்துக் கையொப்பமிட வேண்டும். நாங்களாக யாரையும் நீக்குவதில்லை. அது மனிதாபிமானம் இல்லை."

தபால் அம்மா பேனாவைத் திறந்தார். நோட்டில் நீளமாக எழுதிக்கொண்டார். "விதி பதினாலுன்னா முழு விவரமும் போடணும் சார். அன்னைக்கு நம்ம பக்கத்துலேர்ந்து போன எல்லாமே."

"எல்லாம் போடுங்கள். ஒன்று விடக்கூடாது. நாம் வெளிப்படையான நிறுவனம்."

வீடு திரும்பியவன் பதிவேட்டை அலமாரியில் வைத்தான். மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. மறுநாள் கடை திறந்தான். மளிகைக்காரர் ஒருவர் மெஷினோடு வந்தவர், அடுத்த தெருவில் ஒருவர் பெண்டாட்டி செத்து இரண்டே மாதத்தில் தேறிவிட்டார் என்றும், அந்தக் கணக்குப்படி இவனும் இந்நேரம் தேறியிருக்க வேண்டும் என்றும் அக்கறையோடு சொன்னார். அவன் மெஷினை வாங்கிப் பூஜ்யத்தைச் சரிசெய்து கொடுத்தான்.

நான்காம் நாள் பதிவுத் தபால் வந்தது. உறையின் மேல் அவள் பெயர். மாமியார்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பெயரைப் பார்த்துவிட்டு, அவன் சாப்பிட வரும்வரை பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கு வந்திருக்கு மாப்பிள்ளை."

"தெரியும் அத்தை. விடுங்க. வேண்டாம்."

"என்னன்னு படிங்க. எனக்குக் கேக்கணும்."

அவன் நின்றபடியே பிரித்துப் படித்தான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. இரண்டு மாதமாக அவன் குரல் அப்படித்தான்.

"பார்வையாளருக்கு. கீழ்க்கண்ட குற்றச்சாட்டுகளுக்குப் பதினைந்து நாள்களுக்குள் விளக்கம் தரவும். ஒன்று. வெற்றி பெற்ற முறையிலிருந்து நூற்று அறுபத்தாறு மில்லிமீட்டர் விலகிய அளவைப் பதிவு செய்தது. இரண்டு. அவ்வளவைச் சுற்றியுள்ள ஊர்களைக் கலந்தாலோசிக்காமல் தன்னிச்சையாகக் காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு இயக்ககத்துக்கு அனுப்பியது."

"அவ என்ன திருடினாளா?" என்றார் மாமியார்.

"மூன்று. மேற்படி அளவு வரம்புக்கு மீறியிருந்தமையால், காலை எட்டு ஐம்பத்தெட்டுக்கு இயக்ககத்தின் தானியங்கிக் கருவி, 'தங்கள் அளவு நம்பத்தக்கதாக இல்லை. உடனடியாக மழைமானிக்குத் திரும்பிச் சென்று மீண்டும் அளக்கவும்' என்று பார்வையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி..."

நிறுத்தினான்.

"படிங்க."

"குறுஞ்செய்தி அனுப்பியது. ஒன்பது நான்குக்கு நினைவூட்டலும் அனுப்பியது. பார்வையாளரிடமிருந்து இன்றுவரை மறு அளவு வரவில்லை. ஆணைக்குக் கீழ்ப்படியாமைக்குக் காரணம் கூறவும்."

மாமியார் கையை நீட்டித் தாளை வாங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் இல்லை, நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். இருந்தும் மூன்றாவது பத்தியின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனார். விரல் 'திரும்பிச் சென்று' என்ற இடத்தில் நின்றது.

"எட்டு அம்பத்தெட்டுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"குளிச்சிட்டிருந்தேன்."

"கதவைத் தட்டியிருப்பாளோ?"

"தண்ணிச் சத்தத்துல கேட்டிருக்காது அத்தை. மழைச் சத்தம் வேற."

மாமியார் தாளிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, யாருக்கோ முகவரி சொல்வது போலச் சொன்னார்.

"போன்னு சொல்லியிருக்காங்க. போயிருக்கா."

"ஆமாம் அத்தை."

"நீங்க ஒண்ணும் சொல்லல."

"போகாதேன்னுதான் சொன்னேன். முதல் தடவை."

"ரெண்டாந் தடவை சொல்ல நீங்க இல்ல. அவ்வளவுதானே?" மாமியாரின் குரல் உடைந்தது. அவர் அழுதது அன்றுதான் அவனுக்குக் கேட்டது. அவனுக்கு அழுகை வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். விளக்கம் எழுத முழுப் பக்கம் விட்டிருந்தார்கள். கோடு போட்டு, வலது ஓரத்தில் அலுவலக உபயோகத்துக்கு மார்ஜினும் விட்டிருந்தார்கள்.

"இதைப் போலீஸ்ல காட்டினா போதுமா?"

"போதும். ரெண்டாவது கேள்விக்கு அவங்களே பதில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்திருக்காங்க. நாளைக்குக் காலைல போறேன்."

"இவங்களுக்குப் பதில் எழுதணும்ல?"

"எழுதலாம், எழுதாமலும் விடலாம். செத்தவளை என்ன செய்யப்போறாங்க?"

"எழுதுங்க" என்றார் மாமியார். "கேட்டிருக்காங்க. பதில் சொல்லாம விட்டா அவளுக்குப் பிடிக்காது."

அவன் பேனாவை எடுத்தான். சொல்வதற்கு நிறைய இருந்தது. பத்துக் கோடு கோணவில்லை என்று சொல்லலாம். பின்னால் மலை இருக்கிறது என்று சொல்லலாம். களவுபோன மழைமானியைப் பற்றி, மாற்றிக்கொண்ட துணியைப் பற்றி, பாலத்தின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்பதைப் பற்றி. முதல் குற்றச்சாட்டையும் இரண்டாவதையும் அப்படியே விட்டான். மூன்று என்று எண் போட்டான்.

"என்ன எழுதறீங்க?" என்று மாமியார் எட்டிப் பார்த்தார்.

முழுப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதி, அடியில் பார்வையாளருக்காக என்று கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினான்.

3. கீழ்ப்படிந்தார்.